கியூஆர் அட்டைக்குப் பின்னால் உள்ள கட்டாயங்கள்

மாட்டுத்தாவணி பூச்சந்தை முதல் மேலூர் சாலையோரத் தேநீர்க் கடை வரை இன்று கியூஆர் அட்டை தொங்குகிறது. சிறுவணிகர்கள் தொழில்நுட்பத்தை விரும்பித் தழுவினர் என்று இதற்கு விளக்கம் தரப்படுகிறது. நாம் அதை ஏற்கவில்லை.

2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டபோது, ரொக்கத்தில் வாங்கி ரொக்கத்தில் விற்றவர்களே முதலில் அடிபட்டனர். அதே ஆண்டு டிசம்பர் 30இல் வந்த அரசுச் செயலிக்கு அம்பேத்கரின் நினைவாகப் ‘பீம்’ எனப் பெயரிட்டனர். (ரூபாயின் சிக்கல் குறித்து 1923இலேயே நூல் எழுதியவர் அவர், பெயர் பொருத்தம்தான்.) 2020 ஜனவரி முதல் யுபிஐ வழிப் பணத்துக்கு வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை என்றானது. பெருந்தொற்றுக்குப் பின் வாடிக்கையாளரும் சில்லறை கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். அட்டையை மாட்டாதவர் வியாபாரத்தை இழந்தார்.

இவற்றைவிட ஆழமான காரணம் கடன். ஈடு காட்ட நிலமற்றவருக்கு வங்கி வாசல் திறப்பதில்லை; கந்துவட்டிக்காரர் வாசலே திறந்திருக்கும். 2020 ஜூன் 1இல் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதித் திட்டம் தெருவோர வணிகருக்கு ஈடின்றி முதல் தவணையாக 10,000 ரூபாய் தந்தது. ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தினால் 7 விழுக்காடு வட்டி மானியம், மின்னணுப் பரிவர்த்தனைக்கு மாதம் 100 ரூபாய் வரை ஊக்கத்தொகை. ஆயின், கைப்பேசி இருந்தால் மட்டும் இக்கடன் கிடைத்துவிடாது. மாநகராட்சிக் கணக்கெடுப்பில் பெயர் வேண்டும். இல்லையேல் பரிந்துரைக் கடிதம் வேண்டும். விடுபட்டவர் யார் என்று பார்த்தாலே சாதியும் வசிப்பிடமும் தெரியவரும். 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம் நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை வணிகர்களுக்கும், அவற்றுள் பட்டியல் சாதியினருக்கு உரிய பிரதிநிதித்துவத்தையும் வழங்குகிறது. அக்குழு முறையாக அமைக்கப்பட்டதா என்பதே கேட்க வேண்டிய முதல் கேள்வி.

கையைத் தொடாமல் காசை மேலிருந்து போடும் வழக்கத்தைக் கண்டவர்கள் நாம். அட்டை அந்தக் காட்சியை மறைக்கிறது. வாங்க மறுப்பவரை அது வரவழைப்பதில்லை. பொருளாதாரப் புறக்கணிப்பும், தொழில் செய்யவிடாது தடுப்பதும் 2016 ஜனவரி 26 முதல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் குற்றங்கள். இத்தகைய வழக்கில், திடீரென நின்றுபோன வரவைக் காட்டும் வங்கிக் கணக்கு ஒரு சான்றாகும்.

அதே பதிவு வணிகருக்கு எதிராகவும் திரும்பலாம். 2025இல் பெங்களூரில் யுபிஐ வரவை வைத்துச் சிறுகடைகளுக்கு ஜிஎஸ்டி அறிவிக்கை அனுப்பப்பட்டதும், பலர் அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கத்துக்குத் திரும்பினர்.