கலந்தாய்வும் ஒப்புதலும்: அமெரிக்கக் கூட்டரசில் ஆட்சியமைப்பு உருவான முதலாண்டுகள் (1789–1795)

1789 மார்ச் 4 அன்று நியூயார்க் நகரில் தொடங்கியிருக்க வேண்டிய அமெரிக்கக் கூட்டரசு அன்று தொடங்கவில்லை. அவை நடத்தப் போதிய உறுப்பினர்கள் வந்து சேரவில்லை. பிரதிநிதிகள் அவையின் குறைவெண் வரம்பு ஏப்ரல் 1 அன்றும் செனட்டினுடையது ஏப்ரல் 6 அன்றும்தான் நிறைவேறின. பதின்மூன்று மாநிலங்களுள் வட கரோலைனாவும் ரோட் ஐலண்டும் புதிய அரசமைப்புச் சட்டத்தை அப்போது ஏற்றிருக்கவில்லை. ஏப்ரல் 30 அன்று பதவியேற்ற ஜார்ஜ் வாஷிங்டன், தமது உரையில் இக்குடியாட்சி முறையை அமெரிக்க மக்களிடம் ஒப்படைக்கப்பட்ட ஒரு சோதனை என்றே குறிப்பிட்டார்.

அச்சோதனைக்கு அடிப்படையான சட்டம் மிகச் சுருக்கமானது. குடியரசுத் தலைவர் செனட்டின் கலந்தாய்வையும் ஒப்புதலையும் பெற்று உடன்படிக்கைகள் செய்யலாம், உயர் அலுவலர்களை நியமிக்கலாம். துறைத் தலைவர்களிடம் எழுத்து வழியாகக் கருத்துக் கேட்கலாம் என்று அது கூறியது. துறைகள் எத்தனை, அவற்றின் தலைவர்களை நீக்குபவர் யார், கலந்தாய்வு எந்த நிலையில் எவ்வாறு நடைபெற வேண்டும் என்பன பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எனினும் புதிய ஆட்சி வெறுந்தரையில் எழுந்ததன்று. பழைய கூட்டமைப்பின் போர்த்துறைச் செயலரான ஹென்றி நாக்ஸ் அப்பணியிலேயே நீடித்தார். வெளியுறவுப் பணிகளைக் கவனித்துவந்த ஜான் ஜே, 1790 மார்ச்சில் தாமஸ் ஜெஃபர்சன் வந்து பொறுப்பேற்கும்வரை அவற்றைத் தொடர்ந்து நடத்தினார். பழைய அலுவலர்கள் இருந்தனர். அவர்கள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதுதான் தெளிவாகவில்லை.

நீக்கும் அதிகாரம்

துறைகளை நிறுவும் விவாதம் மே மாதத்தில் தொடங்கியதுமே இவ்வினா முன்னுக்கு வந்தது. நியமனத்துக்குச் செனட்டின் ஒப்புதல் வேண்டும் எனில், நீக்கத்துக்கும் வேண்டுமா? தென் கரோலைனாவின் வில்லியம் லாட்டன் ஸ்மித், பிரதிநிதிகள் அவை குற்றஞ்சாட்டிச் செனட் விசாரித்துத் தீர்ப்பளித்தாலன்றி எந்த அலுவலரையும் நீக்க இயலாது என்றார். நியமித்தவர் இருவரெனில் நீக்குபவரும் இருவரே என்றனர் சிலர். பதவியைப் படைப்பது பேரவையாதலின் அதன் காலவரையறையையும் பேரவையே சட்டத்தால் வகுக்கலாம் என்றனர் வேறு சிலர். ஆட்சி அதிகாரம் தலைவரிடமே உள்ளது, ஆகவே நீக்கும் அதிகாரமும் அவருடையதே என்ற நிலைப்பாட்டுக்கு ஜேம்ஸ் மாடிசன் வந்து சேர்ந்தார். செயலர்கள் செனட்டின் தயவை நம்பி வாழ்ந்தால் அவர்களின் தவறுகளுக்குத் தலைவரைப் பொறுப்பாக்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

இதற்குக் கிடைத்த தீர்வு விந்தையானது. நீக்கும் அதிகாரத்தைத் தலைவருக்கு ‘வழங்கும்’ சொற்கள் நகல் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டன. அவற்றுக்கு ஈடாக, செயலர் தலைவரால் நீக்கப்படும்போது துறையின் ஆவணங்கள் தலைமை எழுத்தரின் பொறுப்பில் இருக்கும் என்ற விதி, நியூயார்க்கின் எக்பர்ட் பென்சனின் முன்மொழிவால் இடம்பெற்றது. அதிகாரம் முன்பே அரசமைப்பில் இருப்பதாகக் கொண்டு, சட்டம் அதன் விளைவை மட்டும் பேசியது. செனட்டில் வாக்குகள் சமமாகப் பிரிந்தன. அவைத் தலைவரான துணைக் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸின் வாக்கே முடிவு செய்தது. ஓர் எழுத்தர் காகிதங்களைப் பாதுகாப்பது பற்றிய வரி, ஓர் அரசின் முதுகெலும்பைத் தாங்க நேர்ந்தது. அது எவ்வளவு தாங்கும் என்ற ஐயம் பிற்காலத்திலும் அகலவில்லை. 1868இல் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் மீதான விசாரணை இதே வினாவைச் சுற்றியே நடந்தது. 1926இல் மையர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1789ஆம் ஆண்டு முடிவைச் சான்றாகக் கொண்டபோது, பிராண்டைஸ் உள்ளிட்ட நீதிபதிகள் அந்த வாசிப்பை மறுத்தனர்.

ஆகஸ்டு 22

கலந்தாய்வு என்ற சொல்லுக்குப் பொருள் காணும் முயற்சி வேறு வழியில் சென்றது. ஜார்ஜியா மாநிலத்துக்கும் கிரீக் மக்களுக்கும் இடையில் நிலம் பற்றிய பூசல் போராக முற்றும் நிலையில் இருந்தது. தென்திசைப் பழங்குடியினருடன் பேசச் செல்லும் ஆணையர்களுக்கு எத்தகைய அறிவுறுத்தல்கள் வழங்குவது என்பதை முன்னதாகவே செனட்டுடன் கலந்து முடிவு செய்ய வாஷிங்டன் விரும்பினார். சட்டத்தின் சொற்களை நேர்பொருளில் கொண்டால் இதுவே முறை. ஆகஸ்டு 22, சனிக்கிழமை, நாக்ஸை உடனழைத்துக்கொண்டு அவர் செனட்டுக்கு நேரில் வந்தார்.

அக்காலச் செனட் மூடிய கதவுகளுக்குள் கூடியது. ஆதலால் அன்று நடந்ததை அறியப் பென்சில்வேனியா உறுப்பினர் வில்லியம் மக்லேயின் நாட்குறிப்பே முதன்மைச் சான்றாக உள்ளது. மக்லே எரிச்சல் மிகுந்தவர், அதிகாரத்தின் ஆடம்பரத்தை வெறுத்தவர் என்பதை நினைவில் இருத்தியே அதனைப் படிக்க வேண்டும். ஆடம்ஸ் ஆவணத்தைப் படித்தார், தெருவில் ஓடிய வண்டிகளின் இரைச்சலில் அது கேட்கவில்லை, மீண்டும் படிக்கப்பட்டது. முதல் வினாவுக்கு ஒப்புதலா மறுப்பா என்று கேட்கப்பட்டபோது அவையில் அமைதி நிலவியது. தொடர்புடைய ஆவணங்களைப் படிக்க வேண்டும் என மக்லே எழுந்து கேட்டார். ராபர்ட் மாரிஸ் அனைத்தையும் ஒரு குழுவின் ஆய்வுக்கு அனுப்பலாம் என முன்மொழிந்தார். வாஷிங்டன் வெளிப்படையாகச் சினந்தார். திங்களன்று அமைதியாகத் திரும்பி வந்து பெரும்பாலான வினாக்களுக்கு ஒப்புதல் பெற்றாலும், இதன்பின் இத்தகைய கலந்தாய்வுக்காக அவர் செனட்டுக்குள் நுழையவே இல்லை.

இதில் இரு தரப்பினர் மீதும் பழி கூற இடமில்லை. தலைவர் எதிரே அமர்ந்திருக்க, அவர் முகம் பார்த்து மறுப்புக் கூறுவது எளிதன்று என்று செனட்டர்கள் கருதியதில் நியாயம் உண்டு. ஆனால் பேச்சுக்கு உட்பட்ட நிலத்தில் வாழ்ந்த கிரீக் மக்கள் இவ்விரு தரப்பிலும் இல்லை. ஆணையர்களின் பயணம் தோல்வியில் முடிந்தது. அடுத்த ஆண்டு அலெக்சாண்டர் மக்கில்லிவ்ரே தலைமையில் கிரீக் தூதுக்குழுவே நியூயார்க்குக்கு வந்தது. நாக்ஸ் பேசி முடித்த உடன்படிக்கை 1790 ஆகஸ்டு 7 அன்று கையெழுத்தானது. செனட் அதற்கு ஒப்புதல் அளித்தது.

அமைச்சர் குழு

செனட் ஆலோசனை மன்றமாக அமையாத நிலையில் அவ்விடத்தை நிரப்ப யாரேனும் வேண்டியிருந்தது. 1793இல் பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்டபோது இத்தேவை கூர்மையடைந்தது. நடுநிலை பற்றிய சட்ட ஐயங்களை ஜெஃபர்சன் வழியாக உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு அனுப்பினார் வாஷிங்டன். வழக்கின்றிக் கருத்துரைப்பது தம் பணியன்று என ஜான் ஜேயும் சக நீதிபதிகளும் ஆகஸ்டில் மறுமொழி எழுதினர். எஞ்சியவர்கள் ஜெஃபர்சன், கருவூலச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன், நாக்ஸ், தலைமை வழக்குரைஞர் எட்மண்ட் ரண்டால்ஃப் ஆகிய நால்வரே. எழுத்து வழியாகக் கருத்துக் கேட்கலாம் என்ற விதியின் மீது அடிக்கடி நேரில் கூடும் குழு ஒன்று வளர்ந்தது. அரசமைப்பில் அதற்குப் பெயர் கிடையாது. ஹாமில்டனோடு நாள்தோறும் மோதிச் சலித்த ஜெஃபர்சன் அவ்வாண்டின் இறுதியில் விலகினார்.

செனட் தன் இழப்பை ஒருவாறு ஈடுசெய்துகொண்டது. 1794இல் ஜான் ஜே இலண்டனுக்குத் தூதராக அனுப்பப்பட்டபோது அவருக்குத் தரப்பட்ட அறிவுறுத்தல்கள் செனட்டின் பார்வைக்கு வைக்கப்படவில்லை. முடிந்த உடன்படிக்கை 1795 ஜூனில் அதன் முன் வந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் வணிகத்தைக் கட்டுப்படுத்திய 12ஆம் பிரிவின் பகுதியை நிறுத்திவைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, 20க்கு 10 என்ற வாக்கில், தேவையான மூன்றில் இரு பங்கைச் சரியாக எட்டி, செனட் அதனை ஏற்றது.