ஒட்டுப் போட்ட கதை



செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக கல்பாக்கத்துக்கு பஸ் ஏறியவர்களுக்கு அங்குள்ள அணுமின் நிலையம் புதிதல்ல. அதன் முதல் உலை 1983-ல் இயங்கத் தொடங்கியபோது என் செட்டில் ஒருத்தரும் பிறக்கவில்லை. இந்திய அணுமின் நிலையங்களின் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்கள் இன்டர்நெட்டோடு சேராமல் தனியாக நிற்பவை. அப்போ, சாஃப்ட்வேர் கொடுத்த கம்பெனி பின்னால் தரும் 'பேட்ச்' இப்படிப்பட்ட இடங்களுக்குள் எப்படிப் போகும்? யாராவது கையில் எடுத்துக்கொண்டு போனால்தான் உண்டு.

பேட்ச் என்றால் ஒட்டு. 1944-ல் வந்த ஹார்வர்டு மார்க்-1 இயந்திரத்துக்குக் காகித நாடாவில் துளையிட்டுத்தான் புரோகிராம். தப்பான துளை மேல் நிஜமாகவே ஒரு துண்டை ஒட்டி அடைப்பார்கள், கிழிந்த வேட்டிக்குப் போடுவது போல. பிறகு மேக்னடிக் டேப், பிளாப்பி, சி.டி. என்று ஒட்டு வடிவம் மாறிக்கொண்டே வந்தது.

2003 ஜூலையில் விண்டோஸின் ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிட்டது. போடாதவர்களை ஆகஸ்டில் பிளாஸ்டர் வைரஸ் பிடித்தது. மறு வருஷம் அந்தக் கம்பெனியே பேட்ச்களை சி.டி.யில் பதிந்து தபாலில் இலவசமாக அனுப்பியது. அந்த வருஷம் வந்த எக்ஸ்.பி. சர்வீஸ் பேக்-2 சுமார் 266 எம்.பி. பிளாப்பியில் என்றால் 180-க்கு மேல் வேண்டும். டயல்-அப்பில் முழு வேகம் கிடைத்தாலும் (எங்கே கிடைத்தது!) பத்து மணி நேரத்துக்கு மேல்.

அப்புறம் பென்டிரைவ் வந்தது. வசதிதான், ஆனால் எழுதவும் படிக்கவும் இரண்டு பக்கமும் திறந்த கதவு. 2010-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட், இன்டர்நெட்டே இல்லாத ஈரானின் நதான்ஸ் ஆலையைத் தாக்கியது. அது பரவிய முக்கிய வழி பென்டிரைவ். இந்தியாவிலும் நிறைய கம்ப்யூட்டர்களைத் தொற்றியது. 2019-ல் கூடங்குளத்தில் அலுவலக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் புகுந்தது. கட்டுப்பாட்டுப் பகுதி தனியாக இருந்ததால் பாதிப்பில்லை என்று அறிவித்தார்கள்.

எழுதி முடித்து மூடிய சி.டி.-ஆர் அப்படியல்ல. உள்ளே போன இடத்திலிருந்து எதையும் ஒட்டிக்கொண்டு வெளியே வராது. அதிலுள்ள ஃபைலின் ஹாஷ் எண்ணை, கம்பெனியிடம் போன் போட்டுக் கேட்டு ஒத்துப் பார்க்கலாம். அதே சி.டி.யில் எழுதி வந்த எண்ணை நம்பிப் பிரயோஜனமில்லை. மாற்றியவன் அதையும் மாற்றியிருப்பானே!

சில வருஷம் முன்பு, மாமல்லபுரம் பக்கத்து ஆலை ஒன்றில் எனக்கு வேலை. பேட்ச் போட வந்த தம்பி சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தார். காலையில்தான் ஒரு பிரவுசிங் சென்டரில் அதைச் செருகி பிரிண்ட் எடுத்தாராம். "இது வேண்டாம் தம்பி, சி.டி.யில கொடுங்க" என்றேன்.

"சார், சி.டி. போடுற லேப்டாப்பே எங்க ஆபீஸ்ல இப்ப இல்ல சார்!"

அன்றைக்கு வேலை நின்றது. மறுநாள் ரிச்சி தெருவில் ஒரு யு.எஸ்.பி. சி.டி. ரைட்டர் வாங்கினோம். கடைக்காரர் அதை மேல் தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்.