17 நிபந்தனைகள்

முக்காலியில் சொந்த வண்டியை நிறுத்திவிட்டு ஜீப்பில் ஏறினால் 23 கிலோமீட்டர் குலுக்கல். இறங்குமிடம் சைரந்திரி. சில்வண்டு கத்தாததால்தான் வெள்ளைக்காரர்கள் ‘சைலண்ட் வேலி’ என்று பேர் வைத்தார்களாம். நான் போன அன்று கத்திக்கொண்டுதான் இருந்தது. காவல்கோபுரத்தின் மேலிருந்து, கீழே ஓடும் குந்திப்புழாவில் வராமல் போன அணையைத்தான் தேடினேன். 131 மீட்டர் உயரம் திட்டமிட்டிருந்தார்கள்.

1973-லேயே திட்டக் கமிஷன் ஒப்புதல் கொடுத்துவிட்டது. 120 மெகாவாட் மின்சாரம், கொஞ்சம் பாசனம். பதிலுக்கு 830 ஹெக்டேர் தண்ணீருக்குள் போகும். இதை வெறும் பேராசை என்று இன்றைக்குச் சொல்லிவிடலாம், சுலபம். ஆனால் மலபார் அப்போது மின்சாரத்தில் பின்தங்கித்தான் கிடந்தது. ‘மனுஷன் முக்கியமா, குரங்கு முக்கியமா’ என்று கேட்டவர்கள் எல்லாரும் கான்ட்ராக்டர்கள் இல்லை.

இந்தக் கதையில் என்னைப் பயமுறுத்தும் இடம் 1976. ஜாஃபர் ஃபுதேஹல்லி தலைமையில் மத்திய அரசு நியமித்த குழு ஆராய்ந்துவிட்டு, திட்டத்தைக் கைவிடச் சொன்னது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கைவிட முடியாவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று 17 பாதுகாப்பு நிபந்தனைகளையும் சேர்த்து எழுதிவைத்தது. மாநில அரசு முதல் பகுதியை விட்டுவிட்டு அந்த 17-ஐக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சூழல் சமநிலையைக் காப்போம் என்று 1979-ல் சட்டமே போட்டார்கள், அணையைக் கட்டுவதற்காக. ‘இதைச் செய்யாதீங்க, செஞ்சே ஆகணும்னா இப்படிச் செய்யுங்க’ என்று ஆபீஸில் மெயில் போட்டவர்களுக்கு இது புரியும். மேலே இருப்பவர்கள் இரண்டாவது வரியை மட்டும்தான் படிப்பார்கள்.

தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் எழுத ஆரம்பித்தார். சுகதகுமாரி கவிதையோடு வந்தார். வெடிப்பலா மரங்களை நம்பி வாழும் சிங்கவால் குரங்கு (நம் ஊரில் சோலைமந்தி) போராட்டத்தின் முகமானது. கவிதையையும் குரங்கையும் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது 1979-ல் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் வெளியிட்ட அறிக்கை. எழுதிய ஐந்து பேரில் பொறியாளர்கள் இருந்தார்கள், ஒரு பொருளாதார நிபுணரும் இருந்தார். காடு அழகு என்று மட்டும் அவர்கள் வாதாடவில்லை. மின்சாரம் வேறு எப்படிக் கிடைக்கும், மலபாருக்கு அது எப்படிப் போய்ச் சேரும் என்று கணக்கோடு வந்தார்கள். மலபார்க்காரனின் கேள்விக்குப் பதில் சொல்ல முயன்றது அந்தக் கணக்குதான்.

பிறகு எம்.ஜி.கே. மேனன் குழு. 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. இந்திரா காந்தியின் அழுத்தம் அதற்குப் பெரிய காரணம். 1984 நவம்பர் 15-ல் 89.52 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா ஆனது. அதற்கு 15 நாள் முன்புதான் அவர் சுடப்பட்டு இறந்திருந்தார். அடுத்த செப்டம்பரில் ராஜீவ் வந்து திறந்துவைத்தார்.

2001-ல் அதே ஆற்றில், பூங்கா எல்லையைத் தாண்டிக் கொஞ்சம் கீழே, பாத்ரக்கடவில் 70 மெகாவாட்டுக்கு இன்னொரு அணைத் திட்டம் வந்தது. அணை பூங்காவுக்கு வெளியேதானே இருக்கிறது என்றார்கள். 2007-ல் பூங்காவைச் சுற்றி 148 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பு வளையமாகச் சேர்த்தார்கள்.