கண்ணாடி மணியும் இரும்புக் குழலும்: பாப்பாநாயுடுபேட்டை தரும் சான்று

தென்னிந்தியத் தொல்லியல் களங்களில் கிடைக்கும் சிறு கண்ணாடி மணிகள் பெரும்பாலும் கடல் வணிகத்தின் சான்றுகளாகவே நோக்கப்படுகின்றன. அவற்றை உருவாக்கிய கருவியும் வரலாற்றுச் சான்றே என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திருப்பதிக்கு அண்மையில் உள்ள பாப்பாநாயுடுபேட்டை முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2022இல் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது அதில் இணைந்தது. இவ்வூரில் வழங்கிய மணி செய்யும் முறையை 1980களில் மரியான் ஸ்டெர்ன், பீட்டர் பிரான்சிஸ் ஆகியோர் பதிவு செய்தனர்.

இம்முறையின் முதன்மைக் கருவி 'லாடா' எனப்படும் உள்ளீடற்ற இரும்புக் குழல். தோற்றத்தில் இது கண்ணாடி ஊதுவோரின் குழலை ஒத்தது. ஆயினும் இதனுள் மூச்சுக்காற்று செலுத்தப்படுவதில்லை. குழலின் முனையில் இளகிய கண்ணாடியைத் திரட்டிக் கூம்பாக்குவர். குழலின் உள்ளே ஓர் இரும்புக் கம்பியைச் செலுத்திக் கூம்பைத் துளைப்பர். பின்னர் அதனை உலையில் வைத்து, எதிர்ப்புறத்திலிருந்து கொக்கியால் பற்றி இழுப்பர். கண்ணாடி மெல்லிய குழாயாக நீளும். கூம்பிலிட்ட துளையும் உடன் நீளும். குழாயைச் சிறு துண்டுகளாக நறுக்கிச் சாம்பலுடன் சேர்த்துச் சூடேற்றுவர். சாம்பல் துளை அடைபடாமல் காக்க, துண்டுகளின் கூரிய விளிம்புகள் மழுங்கும்.

கம்பியைச் சுற்றிக் கண்ணாடியை வளைத்துச் செய்யும் முறையில் மணிகள் ஒவ்வொன்றாகவே உருவாகும். லாடா முறையிலோ ஒருமுறை இட்ட துளை எண்ணற்ற மணிகளுக்குப் பயன்படுகிறது. கருவியில் நேர்ந்த சிறு மாற்றமே பெருந்தொகை உற்பத்திக்கு வழிவகுத்தது எனலாம்.

இவ்வேறுபாடு மணியிலேயே பதிந்துள்ளது. இழுத்துச் செய்த மணியில் காற்றுக்குமிழிகளும் நிறக்கோடுகளும் துளைக்கு இணையாக நீண்டிருக்கும். சுற்றிச் செய்த மணியில் துளையைச் சூழ்ந்திருக்கும். எனவே கருவி அழிந்த பின்னரும் அதன் செயலை மணியைக் கொண்டு அறிய முடிகிறது.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டின் மணிகளையும் உற்பத்திக் கழிவுகளையும் பாப்பாநாயுடுபேட்டைத் தொழிலுடன் ஒப்பிட்ட பிரான்சிஸ், அங்கும் லாடா முறையே வழங்கியது எனக் கருதினார். கிழக்கு ஆப்பிரிக்கா முதல் கிழக்காசியா வரை பரவிய இவ்வகை மணிகளுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்னும் பெயரை வழங்கியவரும் அவரே.

எனினும் செய்முறை ஒப்புமை ஒன்றையே கொண்டு, இவ்வூரார் அரிக்கமேட்டுக் கைவினைஞரின் நேர்வழியினர் என முடிவு செய்தல் பொருந்தாது. இந்தோ-பசிபிக் மணிகளின் வேதியியல் ஆய்வுகள், ஒரே வடிவ மணிகள் வெவ்வேறு கண்ணாடிக் கலவைகளால் ஆனவை எனக் காட்டுகின்றன. கண்ணாடியை உருக்கிய இடமும் மணி செய்த இடமும் வேறாகவும் இருக்கலாம். கலவை மூலப்பொருளின் வரலாற்றைக் கூறும். துளையும் குமிழியும் கைத்திறனின் வரலாற்றைக் கூறும். இரண்டையும் இணைத்து நோக்குதல் வேண்டும்.

உலையருகே கிடக்கும் உடைந்த கண்ணாடிக் குழாய் இன்னதென நமக்கு உணர்த்தியது வாழும் தொழிலே. அது மறையுமாயின் அகழாய்வுக் கழிவுகளின் பொருளும் மங்கும். ஆதலின் இத்தொழிலின் கருவிகளையும், அவற்றுக்குத் தொழிலாளரிடையே வழங்கும் சொற்களையும் தொகுத்தல் தமிழ், தெலுங்கு ஆய்வாளர்கள் இணைந்து ஆற்ற வேண்டிய பணியாகும்.