சுடுமல்லியும் சோளமும்

சிங்கப்பூர்த் தேக்கா வட்டாரக் கடைகளில் சோளமும் கம்பும் கேழ்வரகும் பொட்டலங்களாக விற்கப்படுகின்றன. இத்தானியங்கள் களஞ்சியம் சேருமுன் மண்ணுக்கடியில் ஒரு பகையை எதிர்கொள்ள நேர்வதை நகரத்து மாணவர் பலர் அறியார். அப்பகையின் பெயர் சுடுமல்லி.

பிற களைகள் மண்ணின் சத்தைப் பறிக்கும். வெண்பூச் சூடிய இச்சிறு செடியோ பயிரின் வேரிலேயே ஒட்டி உறிஞ்சும். இது மண்ணுக்கு மேல் தலைகாட்டுமுன்பே பயிர் நலிந்துவிடும். ஆதலின் களையெடுத்தல் அவ்வாண்டுப் பயிருக்கு அதிகம் உதவாது. ஒரு செடி உதிர்க்கும் பல்லாயிரம் விதைகள் பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் உறங்கும். 1956இல் அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் மக்காச்சோளம் காரணம் புலப்படாது வாடியபோது, இக்களையை இனங்கண்டு கூறியவர் அங்குப் பயின்ற இந்திய மாணவர் ஒருவர்.

உறங்கும் விதையை எழுப்புவது வேர் கசியவிடும் வேதிப்பொருளே. இவ்வகைப் பொருள் முதன்முதலில் 1966இல் பருத்தி வேர்க்கசிவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. தனக்கு உதவும் பூஞ்சையை அழைக்கவே பயிர் அதனைக் கசியவிடுகிறது என்பது 2005இல் தெளிவாயிற்று. நண்பனை அழைத்த குரல் பகைவன் செவியிலும் விழுந்தது!

இந்தியாவின் முதல் வீரியக் கலப்புச் சோளமான சி.எஸ்.எச். 1, 1964இல் வெளிவந்தது. விளைச்சலில் சிறந்த அது, சுடுமல்லிக்கு எளிதில் இரையாயிற்று. 1972இல் ஐதராபாத்தை அடுத்த படான்செருவில் தோன்றிய இக்ரிசாட் நிறுவனம் பழைய சோள வகைகளைப் பெருந்தொகையில் சோதித்தது. சில வகைகளின் வேர்கள் அக்கசிவைக் குறைவாகவே வெளியிட்டன. என் 13 என்னும் இந்திய வகையோ வேரின் உட்சுவர் தடித்து ஒட்டுண்ணியைத் தடுத்தது. இத்தகைய வகைகளைப் பெற்றோராகக் கொண்டு புதிய வகைகள் உருவாக்கப்பட்டன.

எத்தியோப்பியாவில் குடிசையில் பிறந்து அமெரிக்கப் பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியராக உயர்ந்த கெபிசா எஜெட்டா இப்பணியை ஆப்பிரிக்க வயல்களுக்குக் கொண்டு சென்றார். 1994இல் எதிர்ப்பாற்றல் மிக்க எட்டு டன் சோள விதை பன்னிரண்டு ஆப்பிரிக்க நாடுகளுக்கு வழங்கப்பட்டது. 2009இல் உலக உணவுப் பரிசு அவரை வந்தடைந்தது.

இவ்வாற்றலை அறிவியலார் புதிதாகப் படைக்கவில்லை. தேடிக் கண்டெடுத்துக் கலந்தனர். அது பெயரறியா உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த விதைக்குள் உறைந்திருந்தது. விளைச்சல் குறைவென்று அவ்விதைகளை அனைவரும் கைவிட்டிருப்பின், ஆய்வாளர் தேடிய நாளில் விடை கிட்டியிராது. பழைய விதையைப் பேணுதல் வருங்காலத்தின் உணவைப் பேணுதலாகும்.