ஏலத்தில் ஜெயித்து ஆட்டத்தில் தோற்ற கதை - தமிழ் தலைவாஸும் ரசிகர்கள் போட்ட மார்க்கும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, எம்.ரெட்டியபட்டி என்று நீளும் வானம் பார்த்த பூமியில் சின்னப் பையன்கள் விளையாட்டுக்கு ஆள் பிரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்கு "உத்தி பிரிப்பது" என்று பெயர். இரண்டு பேர் தலைவர்களாக நிற்பார்கள். மற்றவர்கள் தங்களுக்குச் சமமான ஒருவனை ஜோடி சேர்த்துக்கொண்டு தள்ளிப் போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். ஒருவன் சூரியன், இன்னொருவன் சந்திரன். எது வேண்டும் என்று கேட்டதும் தலைவன் ஒன்றைச் சொல்வான். அந்தப் பெயருக்கு உரியவன் அவன் பக்கம், மற்றவன் எதிர்ப்பக்கம்.

இதில் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. ஜோடி சமமாக இருப்பதால் இரண்டு அணியும் சமமாக அமையும். பெயர் ரகசியம் என்பதால், பலசாலியையெல்லாம் ஒருவனே அள்ளிக்கொண்டு போக முடியாது. அப்படியும் பிரித்து முடித்த உடனே, சுற்றி நிற்பவர்கள் "இந்தப் பக்கம்தான் ஜெயிக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்! ஆட்டம் இன்னும் தொடங்கியே இருக்காது.

இதே கதைதான் கோடிக்கணக்கில் பணம் புரளும் தொழில்முறை விளையாட்டிலும் நடக்கிறது.

முதல் தேர்வே ஆடவில்லை!

அமெரிக்கக் கால்பந்தில் பணக்கார அணிகளே நல்ல வீரர்களை வாங்கிக் குவித்ததால், மற்ற அணிகள் தள்ளாடின. பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் 1935-ல் ஒரு யோசனை சொன்னார். போன வருடம் கடைசியாக வந்த அணி, கல்லூரியில் இருந்து வரும் புது வீரர்களில் ஒருவரை முதலில் எடுக்கட்டும், சாம்பியன் கடைசியில் எடுக்கட்டும் என்பதுதான் அது. 1936 பிப்ரவரி 8 அன்று பிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் முதல் "டிராஃப்ட்" நடந்தது. 9 அணிகள், 9 சுற்று, மொத்தம் 81 பேர்.

முதல் ஆளாகத் தேர்வானவர் ஜே பெர்வாங்கர். கல்லூரி அளவில் அவ்வளவு பெரிய பெயர். ஆனால் சம்பளம் ஒத்துவராமல், அவர் தொழில்முறைக் கால்பந்தில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை! இதற்கு நேர்மாறாக, 2000-ஆம் ஆண்டு டிராஃப்டில் 199-வது ஆளாகத் தேர்வான டாம் பிராடி, பிறகு 7 முறை சூப்பர் பவுல் கோப்பையை வென்றார். தேர்வு நாளன்று மார்க் போடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த இரண்டு பெயரும் போதும்.

இந்தியாவிலும் ஐ.எஸ்.எல். கால்பந்துப் போட்டி தொடங்கிய 2014-லேயே இந்திய வீரர்களுக்கு டிராஃப்ட் நடந்தது. ஆனால் கரிசல் காட்டு ஊர்களில் கால்பந்தைவிடக் கபடிக்குத்தான் கூட்டம் அதிகம். அதனால் கபடிக்கு வருவோம்.

12.80 லட்சத்தில் இருந்து 2 கோடிக்கு

புரோ கபடி லீக் 2014-ல் 8 அணிகளுடன் தொடங்கியது. இங்கே டிராஃப்டுக்குப் பதில் ஏலம். அந்த முதல் ஏலத்தில் அதிக விலை போனவர் ராகேஷ் குமார். விலை 12.80 லட்சம் ரூபாய். 2017-ல் உச்ச விலை 93 லட்சம் (நிதின் தோமர்). 2018-ல் மோனு கோயத் 1.51 கோடி. நான்கே வருடத்தில் ஏறக்குறைய 12 மடங்கு!

இந்த ஏலத்தில் தமிழ்நாட்டு அணி நுழைந்தது 2017-ல். அந்த வருடம் லீக் 12 அணிகளாக விரிந்தபோது வந்ததுதான் தமிழ் தலைவாஸ். புது அணிகளுக்கு ஏலத்துக்கு முன்பே ஒரு வீரரை எடுத்துக்கொள்ளும் சலுகை கிடைத்தது. தலைவாஸ் எடுத்தது அஜய் தாக்கூரை. 2016 அக்டோபரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஈரானுக்கு எதிராகப் பின்தங்கி நின்ற இந்தியாவை மீட்டவர். ரசிகர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த வருடம் அணி பி பிரிவில் கடைசி இடம்.

2018-ல் அஜய் தாக்கூருடன் மன்ஜீத் சில்லர், ஜஸ்வீர் சிங் என்று பெரிய பெயர்கள் சேர்ந்தன. சென்னையில் நடந்த தொடக்க ஆட்டத்தில் நடப்பு சாம்பியன் பாட்னா பைரேட்ஸை 42-26 என்று அடித்தபோது, கணிப்பு பலித்துவிட்டது என்றே தோன்றியது. முடிவில் மறுபடியும் பி பிரிவில் கடைசி.

2019-ல் ராகுல் சௌத்ரி 94 லட்சத்துக்கு வந்தார். அஜய் தாக்கூர், மன்ஜீத் சில்லர், ராகுல் சௌத்ரி மூன்று பேரும் ஒரே அணியில்! காகிதத்தில் பார்த்தால் இதைவிடப் பலமான அணி கிடையாது. முடிவு? 12 அணிகளில் 12-வது இடம். 22 ஆட்டத்தில் 4 வெற்றி.

ஏன் இப்படி?

வணிகவியல் படிக்கும் மாணவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு இயந்திரத்தை வாங்கிய விலை வேறு, இன்றைக்கு அதன் மதிப்பு வேறு. நடுவில் தேய்மானம் என்று ஒன்று இருக்கிறது. அஜய் தாக்கூரும் மன்ஜீத் சில்லரும் 1986-ல் பிறந்தவர்கள். 2019-ல் இருவருக்கும் 33 வயது. மூச்சும் முழங்காலும் கேட்கும் விளையாட்டில் அது அதிகம். ஆனால் ரசிகர்கள் மார்க் போட்டது அவர்கள் முன்பு ஆடிய ஆட்டத்துக்கு. கணக்குப் புத்தகத்தில் இதற்கு "நற்பெயர்" என்று பெயர். அதற்கும் மதிப்பு உண்டுதான். ஆனால் அது பாடிப் போய்ப் புள்ளி எடுத்துவராது.

இன்னொன்று, கபடியில் 7 பேர். இடது மூலையில் நிற்பவன் காலைப் பிடித்தால், அந்த நொடியில் வலது மூலைக்காரன் வந்து விழ வேண்டும். அந்தப் பழக்கம் ஏலத்தில் விற்பனைக்கு வருவதில்லை. பட்டியலில் பெயரும் விலையும் தெரியும், இரண்டு பேருக்கு நடுவே உள்ள புரிதல் தெரியாது.

2 கோடியே 26 லட்சம்

இந்தக் கதையின் உச்சம் 2022. ஆகஸ்ட் மாதம் மும்பையில் நடந்த ஏலத்தில் தலைவாஸ் பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு வாங்கியது. அதுவரை லீக்கில் யாருக்கும் கொடுக்காத விலை. ஒரு அணி செலவழிக்கலாம் என்ற உச்சவரம்பே 4.40 கோடிதான். அதாவது பாதிக்கு மேல் ஒரே ஆளுக்கு! ரசிகர்கள் பத்துக்குப் பத்து போட்டார்கள்.

அக்டோபர் 8, முதல் ஆட்டம், எதிரே குஜராத் ஜெயன்ட்ஸ். பாடி வந்த சந்திரன் ரஞ்சித்தைப் பிடிக்கப் போன பவனுக்கு முழங்காலில் அடி. தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த சீசன் முழுக்க அவர் திரும்பவே இல்லை. ஆட்டம் 31-31 சமன். பிடித்தவர் தமிழ்நாட்டு அணியின் வடக்கத்தி வீரர், பிடிபட்டவர் குஜராத் அணியின் தமிழ் வீரர் என்பதையும் கவனியுங்கள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த இடத்தில்தான் ஆச்சரியம் நடந்தது. இடையில் பயிற்சியாளர் மாறி அஷன் குமார் வந்தார். ஏலத்தன்று யாரும் பெரிதாகக் கவனிக்காத நரேந்தர் என்ற இளைஞர், முதல் சீசனிலேயே 243 ரெய்டு புள்ளி எடுத்தார். சாகர், சாஹில் குலியா, எம்.அபிஷேக், அஜிங்க்ய பவார் என்று மற்றவர்கள் தோள் கொடுத்தார்கள். தலைவாஸ் 5-வது இடம் பிடித்து முதல் முறையாக அடுத்த சுற்றுக்குப் போனது. யு.பி. யோதாஸுடன் 36-36 சமன் ஆகி, டை-பிரேக்கரில் 6-4 வெற்றி. அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோல்வி. 2025 சீசன் வரை தலைவாஸ் எட்டிய உயரம் இதுதான். அது 2.26 கோடி வெளியே உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது!

அப்படியானால் இளைஞர்களை மட்டும் வைத்திருந்தால் போதுமா? அதுவும் இல்லை. 2023-ல் பவனை விட்டுவிட்டு அந்த இளைஞர்களையே நம்பி இறங்கியது அணி. முதல் 6 இடத்துக்குள் வரவில்லை. 2024-ல் சச்சின் தன்வரை 2.15 கோடிக்கு வாங்கியது. அப்போதும் வரவில்லை. 2023-ல் தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடி கொடுத்து வாங்கிய அதே பவன், 2025-ல் 59.50 லட்சத்துக்குத் தலைவாஸுக்கே திரும்பி வந்தார். விலை என்பது அந்த நாளில் எத்தனை பேர் போட்டி போட்டார்கள் என்பதன் கணக்கு. திறமையின் கணக்கு சீசன் முடிவில்தான் எழுதப்படும்.

நம்ம ஊர்ப் பையன் எங்கே?

ரசிகர்களின் கணிப்பு தவறியது என்பதோடு இதை முடித்துவிட முடியாது. ஒவ்வொரு ஏலம் முடிந்ததும் தமிழ் ரசிகர்கள் இன்னொரு கணக்கும் பார்க்கிறார்கள். பட்டியலில் தமிழ்நாட்டு வீரர்கள் எத்தனை பேர்?

இதைக் குறுகிய மனம் என்று ஒதுக்கக் கூடாது. லீக் வருவதற்கு முன்பு தென் மாவட்டத்துக் கபடி வீரனுக்குக் கிடைத்த பெரிய பரிசு ஒரு வேலை. ரயில்வே, மின்வாரியம், காவல்துறை. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்றார். அப்படி மேலே வந்தவர்கள் மிகச் சிலர். இன்று அந்த வழி ஏலப் பட்டியல் வழியாகவும் போகிறது. மழை பொய்த்தால் பிழைப்புத் தேடி வெளியூர் போக வேண்டிய ஊர்களில், அந்தப் பட்டியலில் ஒரு பெயர் வருவது வெறும் விளையாட்டுச் செய்தி அல்ல.

தகுதி இல்லாமலும் இல்லை. தர்மராஜ் சேரலாதன் 2016-ல் பாட்னா பைரேட்ஸ் தலைவராகக் கோப்பை வாங்கினார். கால்பந்தில், வியாசர்பாடி தனபால் கணேஷ் 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் கோல் அடித்தார். அந்த சீசனில் சென்னையின் எஃப்.சி. கோப்பையை வென்றது.

பொங்கலுக்கு டியூப் லைட் கட்டி நடக்கும் ஊர்க் கபடியிலும் வெளியூர் ஆளை இறக்கும் வழக்கம் உண்டு. ஜெயித்தால் கைதட்டல், தோற்றால் "நம்ம பையனையே இறக்கியிருக்கலாமே" என்ற புலம்பல். தலைவாஸ் ரசிகர்களின் புலம்பலும் அதே மண்ணில் இருந்து வருவதுதான்.

ஆகவே நண்பர்களே, அடுத்த ஏலம் வரும்போது மார்க் போடத்தான் போகிறீர்கள். போடுங்கள்! ஆனால் முதல் இரண்டு பெயரோடு நிறுத்திவிடாமல் பட்டியலின் அடிவரைக்கும் படியுங்கள். 2022-ல் அணியைக் கரைசேர்த்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். நம்ம ஊர்ப் பையன் நுழைவதானாலும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நுழைவான்.