முகாமுக்கு முன்னால் ஒரு கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூட வளாகத்தில் நடக்கும் இலவசக் கண் சிகிச்சை முகாம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குப் பழகிய காட்சி. வாசலில் தொங்கும் பேனரில் மருத்துவமனையின் பெயருக்குப் பக்கத்தில் அரிமா (லயன்ஸ்) சங்கத்தின் பெயரோ ரோட்டரி சங்கத்தின் பெயரோ இருக்கும். அறுவை சிகிச்சையைச் செய்வது மருத்துவமனை. செலவில் ஒரு பகுதிக்கு அரசு உதவி உண்டு. அப்படியானால் சங்கத்துக்கு அங்கே என்ன வேலை? பணம் கொடுப்பது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். முகாம் வளர்ந்து வந்த வழியைப் பார்த்தால், சங்கங்கள் கொடுத்தவற்றுள் பணம் சிறியது என்றே எனக்குப் படுகிறது. ஊரை நன்றாக அறிந்த சிலர் தவறாமல் கூடிப் பேசும் பழக்கம் இருக்கிறதே, அதுதான் அவர்களுடைய பெரிய கொடை.

அந்தப் பழக்கம் தர்ம சிந்தனையில் பிறந்ததல்ல என்பதை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். 1905-ல் சிகாகோவில் வழக்கறிஞர் பால் ஹாரிஸ் மூன்று நண்பர்களோடு ரோட்டரியைத் தொடங்கியபோது, பெருநகரில் நட்பும் தொழில் தொடர்பும் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறைவைத்துக் கூடியதால்தான் சுழற்சியைக் குறிக்கும் அந்தப் பெயரே வந்தது. 1917-ல் அதே நகரில் காப்பீட்டுத் தொழில் செய்த மெல்வின் ஜோன்ஸ் லயன்ஸ் சங்கத்துக்கு அடித்தளமிட்டார். அவர் செயலராக இருந்த வட்டமும் வணிகர்கள் ஒருவருக்கொருவர் வியாபாரம் தேடித்தரும் வட்டம்தான். ஆனால் அவ்வாண்டு அக்டோபரில் டல்லஸில் நடந்த முதல் மாநாட்டிலேயே, உறுப்பினர்களின் பண ஆதாயத்தை எந்தச் சங்கமும் தன் நோக்கமாகக் கொள்ளக் கூடாது என்று விதி செய்தார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 1925 ஜூன் 30 அன்று, ஒஹாயோ மாநிலத்தின் சீடர் பாயின்ட்டில் கூடிய மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். பார்வையும் செவியும் இழந்த அந்தப் பெண்மணி, பார்வையற்றோரின் காவலர்களாக நில்லுங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொண்டார். லயன்ஸ் இயக்கம் கண் மருத்துவத்தைத் தன் வேலையாக வரித்துக்கொண்டது அன்றுமுதல்தான். கூடும் பழக்கம் முன்பே இருந்தது. செய்ய வேண்டிய வேலை பிறகு வந்து சேர்ந்தது. இந்த வரிசை முக்கியமானது.

இந்தியாவுக்கு லயன்ஸ் 1956-ல் பம்பாய் வழியாக வந்தது. மதுரையில் அரசு மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றிய டாக்டர் கோ. வெங்கடசாமி, 1960-களிலேயே கிராமங்களுக்குச் சென்று கண்புரை அறுவை சிகிச்சை முகாம்கள் நடத்தினார். பணி ஓய்வுக்குப் பின், 1976-ல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டமும் அதே ஆண்டில்தான் பிறந்தது. மருத்துவர் இருந்தார், திட்டமும் இருந்தது; இல்லாதிருந்தது நோயாளி வீட்டுத் திண்ணைக்கும் அறுவை அறைக்கும் நடுவே ஒரு பாலம். கண்புரை வலிக்காது. வயதானால் கண் மங்கத்தானே செய்யும் என்று குடும்பமே சமாதானம் சொல்லிக்கொள்ளும். கண்ணில் கத்தி வைத்தால் இருப்பதும் போய்விடும் என்ற பயம் வேறு. சிகிச்சை இலவசம் என்றாலும் பஸ்ஸுக்குக் காசு வேண்டும், கூட வருபவருக்கு ஒரு நாள் கூலி போகும். மதுரையிலிருக்கும் மருத்துவர் எவ்வளவு நல்லவரானாலும் இந்தத் தயக்கங்களை வீடு வீடாக உடைக்க அவரால் முடியாது. பஞ்சாயத்துத் தலைவரையும் தலைமையாசிரியரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய உள்ளூர் ஜவுளிக்கடைக்காரரால் முடியும்.

தொடக்க கால முகாம்களில் பள்ளி வகுப்பறையே அறுவை அறையாகவும் வார்டாகவும் இருந்தது. கண்ணில் கட்டோடு படுத்திருப்பவர்களுக்குப் பல நாள் கஞ்சி காய்ச்சவும் இரவில் துணையிருக்கவும் ஊரில் ஆள் வேண்டியிருந்தது. நோய்த்தொற்றைத் தவிர்க்கவும், பிற்பாடு கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தும் முறை பரவியதாலும், அறுவை சிகிச்சை மருத்துவமனைக்கே போய்விட்டது. ஊரில் பரிசோதனை மட்டும் நின்றது. சங்கத்தின் வேலை குறையவில்லை, உருமாறியது: தேதி குறிப்பது, பள்ளியில் அனுமதி வாங்குவது, நோட்டீஸ் அடிப்பது, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அனுப்புவது, வந்தவர்களை வரிசைப்படுத்துவது, தேர்வானவர்களைப் பஸ் ஏற்றுவது, திரும்பியவர்களை மறுபரிசோதனைக்கு அழைப்பது. இவற்றில் ஒன்றைக்கூட காசோலையால் செய்துவிட முடியாது. இந்த வேலைகளையெல்லாம் பங்கு பிரித்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். சடங்கு என்றும் சாப்பாட்டுக் கூட்டம் என்றும் வெளியார் நினைக்கும் மாதாந்தரக் கூட்டம்தான் அந்த இடம். சென்ற முகாமில் பஸ் தாமதமானதை அங்கே ஒருவர் கேட்பார், இன்னொருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

மறுப்புகளுக்கு வருவோம். இதெல்லாம் விளம்பரம், பேனரும் பொன்னாடையும் பத்திரிகைப் படமும்தான் மிச்சம் என்பார்கள். உண்மை உண்டு. பதவியேற்பு விழாவுக்குச் செலவாகும் தொகையைப் பார்த்து மனம் கசப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெயர் வெளியில் தெரிவதற்கு ஒரு பயனும் இருக்கிறது: முகாமில் தவறு நடந்தால் ஊர் யாரைக் கேட்பது என்பது எல்லோருக்கும் தெரியும். இவை வசதியுள்ள ஆண்களின் சங்கங்கள் என்ற குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987 மே மாதத்தில் தீர்ப்பளித்த பிறகே ரோட்டரியின் கதவு பெண்களுக்குத் திறந்தது. லயன்ஸும் அதே ஆண்டில்தான் திறந்தது. கண்புரையோடு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்ட பாட்டிகளைத் தேடிச் செல்லப் பெண் உறுப்பினர்கள் இல்லாமல் போன அந்த நீண்ட காலத்தை இழப்பென்றே கணக்கில் எழுத வேண்டும்.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு முகாமின் வீச்சைப் பற்றியது. தென்னிந்தியக் கிராமங்களில் செய்யப்பட்டு 1999-ல் வெளியான ஓர் ஆய்வு, கண் பிரச்சினை உள்ளவர்களில் 100-க்குச் சுமார் 7 பேர்தான் முகாமுக்கு வந்தார்கள் என்று கண்டது. இந்த எண்ணிக்கை முகாம் முறையை நம்பியவர்களையே உலுக்கியது. கிராமங்களுக்கு அருகில் நிரந்தரப் பார்வை மையங்களை அரவிந்த் 2000-களில் திறக்கத் தொடங்கியது. அப்படியானால் முகாமும் சங்கமும் காலாவதியாகிவிட்டனவா? நான் அப்படி எண்ணவில்லை. ஒலிபெருக்கி தன் குரலைக் கேட்டு வரக்கூடியவர்களை மட்டுமே அழைத்து வந்தது என்பதுதான் அந்த 7 சொல்வது. நடக்க முடியாதவரும், துணையில்லாதவரும், பயந்தவரும் வீட்டிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களைக் கூட்டிவர ஆள் போக வேண்டும். மையம் வந்தாலும் அந்தத் தேவை தீராது. ஆள் இருப்பது சங்கத்திடம்தான்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் இச்சங்கங்களுக்குப் புதிய தலைவர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் கூட்டத்திலேயே உங்கள் ஊரின் தெருக்களை உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். முகாமுக்கு முந்தைய வாரம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் முதியவரின் கண்ணை ஒருவர் நேரில் போய் விசாரித்து வரட்டும்.